நாலாவது பாட்டில் ஒன்பது வினாடி

முதல் வெளியீடு ஒலிநாடா.
இரண்டாயிரத்து நாலு, பாதை திறந்திருந்த காலம்.
உறையில் லோஜினி
மாங்குளம் சந்தியில், சிவப்புக் காற்சட்டையோடு.
பின்னால் ஒரு தண்ணீர் பவுசர்,
படத்துக்கென்று வந்ததல்ல, போகிற வழியில் நின்றது.
"கால் கூசுது" என்று பெயர்.
எட்டுப் பாட்டு. எட்டும் ஆடுவதற்கு.
பெயரைக் கேட்டதும் அம்மா சொன்னது:
"செருப்பைப் போடு."

பாதை பூட்டிய பிறகு பற்றரி வரவில்லை.
சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி
டைனமோவை ரயரில் சாய்த்து
அருள்சீலன் மிதிப்பான்.
அவன் மிதிக்கிற வேகம்தான் லோஜினியின் வயது.
பசியோடு வந்தால் அவளுக்கு ஐம்பது,
தடிமன் பிடித்த ஆம்பிளைக் குரல்.
யாராவது பெட்டை பார்க்கிறாள் என்றால்
ஏழு வயது, கீச்சு.
ஒரு பாட்டு இரண்டாம் முறை அதே பாட்டாய் இருந்ததில்லை.
அதற்குத்தான் ஆடப் பழகினோம்.
வேறு ஆட்டம் எங்களுக்குத் தெரியாது.

யசிந்தாவுக்கு ஒரு பிரதி எடுத்தேன்.
நாலு பழைய பற்றரியை மூன்று நாள் வெயிலில் காயவிட்டு
பதிகிற பெட்டிக்கு.
பாடுகிற பெட்டிக்கு அருள்சீலன்.
நாலாவது பாட்டு, "ரெண்டு கையும் மேலை",
இரண்டாம் சரணம் முடிகிற இடத்தில்
அவனுடைய சாரம் செயினுக்குள் போனது.
லோஜினி அப்படியே சேற்றில் இறங்கினாள்.
மே... லை... என்று இழுத்து, இழுத்து,
ஒன்பது வினாடி.
பிறகு சாரம் கிழிந்தது. பாட்டு நிமிர்ந்தது.
திருப்பி எடுக்கப் பற்றரியில் உயிர் இல்லை.

அந்தப் பிரதியை யசிந்தாவிடம் கொடுக்கக் கிடைக்கவில்லை.

இரண்டாம் வெளியீடு இறுவட்டு. பதினோராம் ஆண்டு, வவுனியாவில்.
உறையில் பவுசர் இல்லை, மாங்குளமும் இல்லை.
லோஜினிக்குப் பின்னால்
எங்கள் பக்கத்துக் கரை எதிலும் காணாத ஒரு நீலக் கடல்.
பாட்டு ஏழு.
நாலாவதைக் காணோம்.
ஏனென்று உறையில் எழுதவில்லை.
இரண்டு கையையும் உயர்த்தச் சொல்கிற பாட்டுக்கு
அந்த வருடம் எங்களில் யார் ஆடுவது?
கடைக்காரன் மட்டும் எட்டுப் பாட்டு விலையே வாங்கினான்.

மூன்றாவது கறுப்பு இசைத்தட்டு, ரொறன்ரோவிலிருந்து.
மூல நாடாவைக் கொழும்பில் கரையான் தின்றுவிட்டதாம்.
முழுசாய் ஒன்று இருக்கிறதா என்று
ஊர் ஊராய்க் கேட்டு ஒரு பெடியன் வந்தான்.
மாப்பேணிக்குள் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன்.
சாரத்தின் கதையைச் சொல்ல
வெட்கமாய் இருந்தது, சொல்லவில்லை.

இரைச்சலை எல்லாம் கழுவியிருந்தார்கள்.
தூரத்தில் குரைத்த நாயும் போய்விட்டது.
அந்த ஒன்பது வினாடி மட்டும் அப்படியே.
தட்டோடு வந்த கையேட்டில் அதற்கு ஒரு பந்தி:
"காலத்தை வேண்டுமென்றே முறிக்கும் துணிச்சல்;
அன்றைய ஆடலிசையில் வேறெவரும் முயலாதது."
மல்லாவியில் ஓட்டோ ஓட்டுகிற அருள்சீலனுக்கு
வாசித்துக் காட்டினேன்.
"எனக்கு எவ்வளவு தருவினமாம்?" என்றான்.

போன மாசியில் கிளிநொச்சி மைதானம்.
லோஜினி வந்தாள்.
நாற்பத்திரண்டு வயது, யாரும் மிதிக்காமலே.
நாலாவது பாட்டு, இரண்டாம் சரணம் முடிய,
ட்ரம்ஸ், கீபோர்ட், அவள் குரல்
எல்லாம் ஒன்றாய்ச் சேற்றில் இறங்கின.
தன் பாட்டை அவள்
எங்கள் தட்டிலிருந்து திரும்பப் பாடமாக்கியிருந்தாள்.

முன்னுக்கு நின்ற இருபது வயதுப் பிள்ளைகள்
இரண்டு கையையும்
அவ்வளவு ஆறுதலாக உயர்த்தினார்கள்,
யாரும் அதட்டாமல், யாரும் எண்ணாமல்.

நான் கைப்பையின் வாரைப் பிடித்திருந்தேன்.
பக்கத்தில் அருள்சீலன்,
ஜீன்ஸ் போட்டிருந்தவன்,
குனிந்து
வலது கணுக்காலைப் பார்த்தான்.